அவன் சும்மா நிற்கட்டும்

தம்பி,

நேற்று நீ போனில் கேட்டதற்கு நான் சொன்ன பதிலை அப்படியே விட்டுவிடு. "எதுக்குப்பா வம்பு, புது வேலை, பெரியவங்க சொல்றதக் கேட்டுட்டுப் போ" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நீயும் "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். உன் சரிம்மாவில் இரண்டு தினுசு இருப்பது எனக்குத் தெரியும். ஒன்று நிஜமான சரி. இன்னொன்று, இவகிட்டப் போய்க் கேட்டேன் பாரு என்கிற சரி. நேற்றையது இரண்டாவது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உன் அப்பா சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லாமலே சாப்பிட்டு எழுந்து போனார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது. போனில் என்னால் நிதானமாகப் பேச முடியாது, பயம் முந்திக்கொண்டு பேசிவிடும். அதனால் எழுதுகிறேன். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டு, உன் பள்ளிக்கூடத்தில் உள்ளவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில், கேட்டதற்கு நன்றி. இருபது வயதில் உன்னைப் பெற்றவள் நான். உன்னைத் தொட்டிலில் போட்டுவிட்டு பி.எஸ்ஸி. கடைசி வருஷப் பரீட்சைக்குப் படித்தேன். உன் பள்ளிக்கூட வாசலில் "அக்காவா?" என்று கேட்பார்கள், உனக்குக் கோபம் வரும். நானும் உன்னோடு சேர்ந்துதான் வளர்ந்தேன் என்று வைத்துக்கொள். அப்படிப்பட்டவளிடம், குன்னூர் மலையில் வாத்தியாராகப் போய் உட்கார்ந்த பிறகும் ஒரு யோசனை கேட்கிறாயே, அது எனக்குக் கிடைத்த மரியாதை. அந்த மரியாதைக்கு நான் சொன்ன பதில் பொருத்தமாக இல்லை.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். ஆண்டு விழாவின் சேர்ந்திசைக்கு நீதான் பொறுப்பு. விடுதியில் தங்கி ஏழாவது படிக்கும் ஒரு பையன் நன்றாகப் பாடுகிறான். ஆனால் காலை அசெம்பிளியில் பிரார்த்தனைப் பாட்டு தொடங்கினால் கை கூப்புவதில்லை, வாய் திறப்பதில்லை, சும்மா நிற்கிறான். ஆண்டு விழாவும் பிரார்த்தனைப் பாட்டோடுதான் தொடங்கும், முன்வரிசையில் ஒருத்தன் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள், ஒன்று அவன் கை கூப்பட்டும், இல்லையென்றால் பாட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள் என்கிறார் உங்கள் துணை முதல்வர். திங்கட்கிழமை நீ முடிவைச் சொல்ல வேண்டும். உன் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இவ்வளவுதானே? அவன் எந்த மதம் என்று நீ சொல்லவில்லை. கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்டிருந்தால் அந்தப் பதிலை வைத்து வேறுவேறாக யோசித்திருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை.

நீ ஏழாவது படித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு அதில் பாதி தெரியாது. நீயும் இஸ்மாயிலும் கொல்லையில் இருந்தீர்கள். மீதிப் பாதி கூடத்தில் நடந்தது.

அப்போது நாம் சிதம்பரத்தில் ரயில்வே கேட் பக்கம் குடியிருந்தோம். நீ பள்ளிச் சாரணர் படையில் சேர்ந்திருந்தாய். லால்பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து படித்த இஸ்மாயில் உன் அணி. கயிற்றில் முடிச்சுப் போடுவதிலிருந்து டிபன் பாக்ஸ் திறப்பது வரை இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டே திரிவீர்கள். கடலூர் பக்கம், திருவந்திபுரத்தில், கெடிலக்கரைத் தென்னந்தோப்பில் முகாம் வந்தது. முகாமில் காலையில் சர்வ சமயப் பிரார்த்தனை உண்டு. ஒவ்வொரு மதத்திலிருந்தும் ஒன்று சொல்வார்கள். உங்கள் ஸ்டெல்லா டீச்சர், கடலூர் முதுநகர்க்காரர், சின்ன வயசு, உற்சாகம் ஜாஸ்தி. மற்ற பள்ளிக்கூடங்களை மாதிரி அவரவர் மதத்தை அவரவர் சொன்னால் என்ன புதுமை என்று, மாற்றிக் கொடுத்துவிட்டார். நீ இஸ்மாயில் வீட்டில் அவர்கள் ஓதுவதைக் கற்றுக்கொண்டு சொல்ல வேண்டும். இஸ்மாயில் நம் வீட்டில் ஒரு தேவாரம் கற்றுக்கொண்டு பாட வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் இதைச் சொன்னபோது முதலில் கை தட்டியவள் நான். படித்தவள் அல்லவா. வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. உன் அத்தைக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள்? நாளைக்கு நீ சாமி கும்பிட மாட்டேன் என்று சொன்னால்? உன் அப்பாவிடம் சொன்னேன். "இங்கிலீஷ்லதான் மார்க் வரல, அரபியிலயாவது வாங்கட்டும் விடு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். சிரிக்கிற மனுஷனிடம் பயத்தை எப்படிச் சொல்வது? டீச்சரிடம் போய் வேண்டாம் என்று சொல்ல வெட்கம். சொன்னால் என்னைக் குறுகின மனசுக்காரி என்று நினைத்துவிடுவாரே. இரண்டு வாரம் இதை வைத்துக்கொண்டே புழுங்கினேன்.

இதில் இன்னொரு வேடிக்கை. இஸ்மாயிலுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்க வேண்டுமே, நம் வீட்டில் யாருக்கும் ஒரு தேவாரம் முழுசாகத் தெரியவில்லை. கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே காய்கறி வாங்குகிற ஊரில் இருந்துகொண்டு, திருவாதிரைக்குக் களி கிண்டத் தெரியும், பாட்டு இரண்டு வரிக்கு மேல் நகராது. அப்பா முதல் வரியை மட்டும் கணீரென்று பாடிவிட்டு "அப்பறம் அதேதான் வரும்" என்றார். செல்போனில் போட்டுப் போட்டு, பாத்திரம் தேய்க்கும்போது நான் மனப்பாடம் பண்ணினேன். பண்ணப் பண்ண எனக்கே ஆசை வந்துவிட்டது. இன்றைக்கும் விளக்கு ஏற்றும்போது அதைத்தான் பாடுகிறேன். அதற்காக ஸ்டெல்லா டீச்சருக்கு ஒரு நன்றி தனியாக உண்டு.

சனிக்கிழமை இஸ்மாயிலை அழைத்துக்கொண்டு அவன் அம்மா பர்வீனும் வந்தார். பிள்ளையை மட்டும் அனுப்புவார் என்று நினைத்திருந்தேன்; அவரே வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல்முதலாக வருகிறார்களே என்று சர்க்கரைப் பொங்கல் செய்து வைத்திருந்தேன். இறக்கினதும் பழக்கத்தில் ஒரு கரண்டி எடுத்து இலையில் வைத்து, சாமி அலமாரி முன்னால் சூடம் காட்டி, அதைத் திரும்பக் குண்டானிலேயே கலந்துவிட்டேன். நினைத்துச் செய்யவில்லை, இனிப்பு செய்தால் கை தானாக அப்படிப் போகும். வந்தவர்களுக்குக் கிண்ணத்தில் நெய் மிதக்க மிதக்கக் கொண்டுவந்து வைத்தேன். பர்வீன் கிண்ணத்தைத் தொடவில்லை. சாமி அலமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், இன்னும் சூட வாசனை இருந்தது.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இது படைச்சதா?"

"ஆமாங்க."

"படைக்காதது இருந்தா குடுங்க. இல்லன்னா தண்ணி போதும்."

"எல்லாம் கலந்துட்டேனே" என்றேன். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. நீ அடுப்படியிலிருந்து "ம்மா, மிச்சர் இருக்குதும்மா, டப்பாவுல!" என்று கத்தினாய். அந்த நேரத்தில் உன்னை முதுகில் ஒன்று வைக்கலாம் போல் இருந்தது. ஆனால் அதுதான் சரியான யோசனை. மிச்சரும் டீயும் வைத்தேன். பர்வீன் நன்றாகவே சாப்பிட்டார். உங்கள் இரண்டு பேரையும் கொல்லைக்கு அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாங்க பாத்திஹா ஓதித் தர்ற சர்க்கரைய நீங்க வாங்கிக்கிடுவீங்க. எங்க தெருவுல எத்தன பேர் வாங்கிட்டுப் போறாங்க. நாங்க உங்க சாமிக்குப் படைச்சத வாங்க மாட்டோம். எங்களுக்கு அப்படித்தான். உங்கமேல மரியாத இல்லன்னு இல்லம்மா. மரியாத இல்லன்னா வாங்கி வெச்சிட்டு, போற வழியில நாய்க்குப் போட்டுட்டுப் போயிருப்பேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதன் பிறகுதான் அவர் வந்த காரணத்தைச் சொன்னார். இஸ்மாயில் தேவாரம் பாட மாட்டான். வேறு சாமியைப் புகழ்ந்து பாடுவது அவர்களுக்கு ஆகாது. "அவுங்க அத்தா, இதெல்லாம் எதுக்கு, படையவிட்டே நின்னுடச் சொல்லுன்னு சொல்லிட்டாங்க. இவன் ரெண்டு நாளாச் சோறு திங்கல. அதான் நேர்லயே பேசிட்டுப் போவோம்னு வந்தேன்."

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அப்போ என் புள்ள மட்டும் உங்களுத சொல்லணுமா?" வெடுக்கென்று வந்துவிட்டது. இரண்டு வாரமாக அடக்கினது அல்லவா.

அவர் கோபப்படவில்லை. "வேணாமே. நாங்க எங்க அதக் கேட்டோம்? நம்பாம வாயால மட்டும் ஓதுனா, கேக்கற எங்களுக்குத்தான் சங்கடம். போன வாரம் உங்க பையன் வந்தப்ப, பாவம், ஒவ்வொரு எழுத்தா வேர்த்து வேர்த்துச் சொன்னான். நான் பாதியில நிறுத்தி சேமியா குடுத்து அனுப்பிட்டேன். உங்ககிட்ட சொல்லலியா?"

நீ சொல்லவில்லை. சேமியா தின்றதை மட்டும் சொன்னாய்.

அந்த இடத்தில் நான் விட்ட மூச்சு இருக்கிறதே, அதை எப்படி எழுதுவது? நான் பரந்த மனசு என்று நினைத்துச் சகித்துக்கொண்டிருந்தேன். அவரும் தன் வீட்டில் இதே சங்கடத்தில் இருந்திருக்கிறார். ஆனால் அவர் பஸ் ஏறி, முன்பின் தெரியாத ஒருத்தி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வைத்த இனிப்பையும் வேண்டாம் என்று சொல்லி, வந்த விஷயத்தையும் வேண்டாம் என்று சொல்லி, அதற்குப் பிறகும் என் தோளோடு ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று சொன்னால் உறவு அறுந்துவிடும் என்று பயந்தே நான் வளர்ந்தேன் தம்பி. கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டால்கூட மறுக்கத் தெரியாது எனக்கு. வேண்டாம் என்று சொன்ன பிறகு நெருக்கமான முதல் ஆள் எனக்குப் பர்வீன் அக்காதான்.

அப்போது கொல்லையிலிருந்து உங்கள் பேச்சு கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்டோம்.

"நான் தேவாரம் பாடறப்ப நீ என்னடா பண்ணுவ?"

"சும்மா நிப்பேன்."

"கண்ண மூடிக்கிட்டா?"

"தொறந்துகிட்டுத்தான்."

"போரடிக்காது?"

"நான் ஓதும்போது உனக்குப் போரடிக்காதா?"

"அடிக்கும்டா."

"அப்ப சரியாப் போச்சு. ஆனா நீ சிரிக்கக் கூடாது."

"நீ தும்மக் கூடாது."

பர்வீன் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பாத்தீங்களா, நாம ஒக்காந்து பஞ்சாயத்து பண்றோம், அவுனுங்க முடிச்சிட்டானுங்க" என்றார்.

திங்கட்கிழமை இருவரும் சேர்ந்து ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்தோம். அவர் முகம் வாடிவிட்டது. "ஒத்துமைக்காகத்தானே பண்ணேன் அக்கா" என்றார். பர்வீன் அக்கா, "ஒத்துமைதான் டீச்சர் இருக்கே, அது இருக்கறதாலதான் வந்து சொல்றோம்" என்றார். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களை உட்காரவைத்தார். பிறகு தன்னுடைய கதை ஒன்றைச் சொன்னார். சின்ன வயதில் சாம்பல் புதனன்று சர்ச்சில் நெற்றியில் இட்ட சாம்பலோடு பள்ளிக்கூடம் போனபோது, கூடப் படித்த பெண்கள் அதை விபூதி என்று நினைத்து "ஐ, நீயும் எங்க சாமிக்கு வந்துட்டியா" என்று ஆசையாகக் கட்டிக்கொண்டார்களாம். இவருக்கு இல்லை என்று சொல்ல மனசு வராமல், அன்று முழுக்கத் தலையாட்டிக்கொண்டே இருந்தாராம். "சந்தோஷமாத்தான் கட்டிக்கிட்டாங்க. ஆனா வீட்டுக்குப் போயி அழுதேன். ஏன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். அதன் பிறகு ஏற்பாடு மாறியது. அவரவர் பிரார்த்தனையை அவரவர் சொல்வது. மற்றவர்கள் அந்த நேரம் எப்படி நிற்க வேண்டும் என்று பழகுவது. எங்கே செருப்பைக் கழற்றுவது, எங்கே தலையை மூடுவது, எதில் சேரலாம், எதில் ஒதுங்கி நிற்கலாம் என்று நீங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தீர்கள். நீங்கள் ஒரு வாரம் பழகியது அதைத்தான். இஸ்மாயிலின் அத்தாவும் சரி என்று விட்டார்.

முகாமுக்கு நாங்களும் வந்திருந்தோம். நீ பாடினாய், சுதி கொஞ்சம் மேலே போய்விட்டது. இஸ்மாயில் பக்கத்தில் கையைத் தொங்கவிட்டு, நேராகப் பார்த்து நின்றான். மார்க் போட வந்த பெரியவர் உன்னைக் கூப்பிட்டு, "அந்தப் பையன் ஏன் கை கூப்பல? அணியில ஒத்துமை இல்லியா?" என்று கேட்டார். நீ, "சார், நான் பாடறதக் கேட்டு எங்க வீட்லயே சிரிப்பாங்க. அவன் சிரிக்காம நிக்கறான் சார். அதவிட என்ன சார் வேணும்?" என்றாய். பர்வீன் அக்கா என் கையைக் கிள்ளினார், தழும்பு விழுகிற மாதிரி. உங்கள் அணிக்குப் பரிசு கிடைக்கவில்லை. இஸ்மாயில் படையில் இருந்தான். உங்களுக்கு அதுதானே வேண்டியிருந்தது.

நான் அதோடு திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. அடுத்த நோன்பு மாதத்தில் உங்கள் அணி நம் வீட்டில் கூடாரம் தைக்க வந்ததே, இஸ்மாயில் நோன்பு என்று, மற்ற பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கொல்லைக்குக் கூப்பிட்டு, பாத்ரூம் சுவருக்குப் பின்னால் குந்தவைத்து போண்டா கொடுத்தேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டான். "ஆண்டி, நோன்பு எனக்கு. நீங்க ஏன் ஒளியிறீங்க?" என்று கேட்டான். அவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று, அவனை ஒருத்தனைக் கூடத்தில் தனியாக உட்காரவைத்திருந்திருக்கிறேன். அதை அவன் கேட்கும்வரை எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து எல்லோரும் அவன் முன்னாலேயே சாப்பிட்டார்கள். சாயந்திரம் அவன் நோன்பு திறக்கும்போது, வயிறு நிரம்பின நீங்கள் எல்லோரும் மறுபடியும் அவனோடு உட்கார்ந்து அவன் பேரீச்சம்பழத்தையும் காலி பண்ணினீர்கள்.

ஆகையால் உன் பள்ளிக்கூடத்துப் பையனை ரொம்பவும் பார்த்துக்கொள்ளாதே. வகுப்பில் அவனை எழுப்பி நிறுத்தி, சகிப்புத்தன்மை என்று பிரசங்கம் பண்ணாதே. அது கை கூப்பச் சொல்வதைவிடக் கொடுமை. ஏன் கூப்பவில்லை என்று எல்லோர் முன்னாலும் கேட்காதே. தனியாகக் கூப்பிட்டு, பிரார்த்தனைப் பாட்டு நடக்கும்போது நீ எங்கே நின்றால் உனக்குச் சரியாக இருக்கும் என்று மட்டும் கேள். வரிசையிலேயே நிற்கிறேன் என்றால் நிற்கட்டும். ஓரமாக இருந்து அடுத்த பாட்டுக்கு வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றால் அப்படியே வரட்டும். கூடப் பாடுகிற பிள்ளைகளிடமும் பேசு. அவர்களுக்கு இதில் வருத்தம் இருக்கலாம், எங்கள் பாட்டு அவனுக்கு ஆகாதா என்று. பொங்கல் கிண்ணம் தொடப்படாமல் இருந்ததைப் பார்த்த எனக்கு அந்த வருத்தம் தெரியும். அதையும் மதித்துப் பேசு. பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள்.

உங்கள் துணை முதல்வரைக் கெட்டவர் என்று நினைத்துக்கொண்டு போகாதே. வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்கிற பயம்தான் அவருக்கு. அந்தப் பயத்தோடுதான் நான் இருபத்தைந்து வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன், எனக்கு அவரை நன்றாகவே புரிகிறது. மரியாதையாகச் சொல். கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல். ஆனால் சொல்லிவிடு.

வேலைக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று நான் யோசிக்காமல் இல்லை. நேற்று முழுக்க அதைத்தான் யோசித்தேன். உன் அப்பாவிடம் கடைசியில் கேட்டேவிட்டேன். "ஆனா ஆவட்டும். புள்ள கையில படிப்பு இருக்குது, இங்க வீடு இருக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். எனக்கு இன்னும் பயம் போகவில்லை, போகவும் போகாது. அதற்காக நீ காத்திருக்க வேண்டாம்.

எங்கேயோ ஒருத்தி, பெட்டியில் ஸ்வெட்டரும் ஊறுகாய் பாட்டிலும் வைத்து அந்தப் பையனை மலைக்கு அனுப்பியிருக்கிறாள். அசெம்பிளியில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பர்வீன் அக்காவை மாதிரி பஸ் ஏறி வந்து கேட்க அவளுக்கு ஊர் தூரம். அங்கே அவள் பிள்ளைக்காகப் பேசுகிற இடத்தில் நீதான் இருக்கிறாய். திங்கட்கிழமை பாடுகிறவர்கள் யார் யார் என்று கேட்பார்கள். அவன் பெயரையும் சேர்த்துச் சொல்.

உன் அம்மா